புளியந்தீவைத் தொட்டுப் பார்த்தவர்கள்

மட்டக்களப்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வாயால் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல காலமாகிறது. சனிக்கிழமை காலையில், வெயில் ஏற முன்னர் காந்தி பூங்காவடிக்கு வரச் சொல்வேன். நடக்கத் தோதான செருப்பும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் போதும். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

நான் படவரைஞர். கோட்டைமுனையில் ஒரு சிறிய அலுவலகத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் படம் கீறுவது என் தொழில். பிறந்ததும் இருப்பதும் ஆரையம்பதியில். அதே அலுவலகத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் காத்தான்குடிக்காரர் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல ‘நானா’ என்று கூப்பிடுவேன். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த கட்டடக்கலை மாணவர் சிலருக்கு ஊரைக் காட்டும் வேலை எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. காலையில் போனவர்கள், பகல் சாப்பாட்டையும் மறந்து நடந்துகொண்டே இருந்தோம். அவர்களை ரயிலேற்றிவிட்டு வரும்போது நானா சொன்னார்: “தங்கச்சி, நம்மட ஊர நாமளே இண்டைக்குத்தான் ஒழுங்காப் பாத்திருக்கம். இத விடாமச் செய்யோணும்.” எங்கள் நடை அப்படித்தான் தொடங்கியது.

வந்தவர்கள் பலவிதம். கோட்டைக் கதவைக் கண்டதும் வாயடைத்து நின்றவர்கள் உண்டு. வெயில் என்று பாதியில் கழன்றவர்களும் உண்டு. எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைப் பற்றி யாரும் கேட்காத ஒரு நடையை மட்டும் நான் இன்னும் நடத்தவில்லை. ஆனால் ஊர்க்காரர் எவரும் வந்ததில்லை. அதனால்தான் ஒருநாள் ஒரு பெண்ணிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு எனக்குப் புதுமையாக இருந்தது.

“அக்கா, கட்டடம் காட்டுற நடையாமே. நானும் வரலாமா?”

“ஓம், வாங்களன். எங்க இருந்து வாறீங்க?”

“இஞ்சதான், அமிர்தகழி. ஆஸ்பத்திரி ஒண்டில போன் எடுக்கிற வேலை எனக்கு.”

குரல் தெளிவாக, அவசரமில்லாமல் இருந்தது. நேரத்தையும் இடத்தையும் சொன்னேன். வைக்கப் போகும்போது அவள் சொன்னாள்: “ஒண்டு சொல்லோணும் அக்கா. எனக்குக் கண் தெரியா. பிறந்ததில இருந்தே.”

கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தேன்.

“வரப்படாதா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் வருத்தம் இல்லை. பழகிய ஒரு பதிலுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

“ஆர் சொன்ன? வாங்க,” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். என் நடை முழுவதும் ‘பாருங்க’ என்ற ஒரு சொல்லில்தான் ஓடியது. இடப்பக்கம் பாருங்க, மேலே பாருங்க, அந்த வளைவைப் பாருங்க. அதை எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது என்ன? நானாவிடம் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. “தண்ணி ஓடுற கானுக்கு மூடி பாதி இல்லாத றோட்டு, தங்கச்சி. விழுந்தா என்ன செய்யிற?” என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தன் மோட்டார் சைக்கிளில் போய், நாங்கள் நடக்கும் வழியெல்லாம் நடந்து பார்த்து, எந்த இடத்தில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று மனதில் பதித்துக்கொண்டு வந்தார். அதை என்னிடம் அவர் சொல்லவில்லை. பூங்காவடியில் கடலை விற்கிற அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அவள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இறுக்கிப் பின்னிய தலைமுடி, கையில் வெள்ளைப் பிரம்பு. அவளைத் தவிர, கொழும்பிலிருந்து வந்த இளம் கணவன் மனைவி இருவர் மட்டுமே அன்றைக்கு வந்திருந்தார்கள். இருவரும் கட்டடக் கலைஞர்கள். சிங்களவர்கள், ஆனால் தமிழ் ஓரளவு விளங்கும்.

நான் வாவிப் பக்கம் திரும்பி வழக்கம்போல, “முன்னால பாருங்க…” என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். “பரவாயில்ல அக்கா. நானும் ராவு டீவில நாடகம் பாத்தன் எண்டுதான் சொல்றனான்.”

அதோடு எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஏன் வந்தாள் என்பதையும் அங்கே வைத்தே சொன்னாள். “வேலையில எனக்கு போன் எடுக்கிற ஆக்கள் வழி கேப்பாங்க. கோட்டையடியால திரும்புங்க, மணிக்கூட்டுக் கோபுரத்தடியால நேரா வாங்க எண்டு நானும் சொல்லுவன். எல்லாம் பாடம். ஆனா கோட்டை எண்டா என்ன மாதிரி இருக்கும்? தெரியா. வெளியூர்ச் சனம் எல்லாம் வந்து பாக்கிற ஊர எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் காட்டல்ல.”

நாங்கள் கோட்டைக்குப் போனோம்.

போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு ஆங்கிலேயர் வந்தது, பின்னால் அரசாங்க அலுவலகமான கச்சேரி அதற்குள்ளேயே இயங்கியது என்று நான் ஒப்புவிக்கும் பாடத்தை அன்று ஒதுக்கி வைத்தேன். அவளுடைய வலக்கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். அவள் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிறகு விரல் நுனிகளால் தேடத் தொடங்கினாள்.

“ஒரு இடத்தில வழவழப்பா இருக்கு. இஞ்ச சொரசொரண்டு, ஓட்டை ஓட்டையா இருக்கு.”

“அது முருகைக்கல். கடலுக்குள்ள இருந்து எடுத்த.”

“கடல் கல்லா!” என்று அந்த ஓட்டைகளுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாள்.

சுவரின் பருமனை எப்படிச் சொல்வது? வாசலுக்குள் நுழையும் இடத்தில் அவளை நிறுத்தி, சுவரைத் தொட்டபடியே உள்ளே நடக்கச் சொன்னேன். அவள் நடந்தாள். சுவர் முடிந்துவிடும் என்று நினைத்து ஒருமுறை நின்றாள். முடியவில்லை. இன்னும் நடந்தாள். மறுபக்க வெயில் முகத்தில் பட்டதும் திரும்பி, “இவ்வளவும் ஒரு சுவரா?” என்றாள். மறுபடி உள்ளே வந்து கையைத் தட்டினாள். வெளியே போய்த் தட்டினாள். வாசலுக்குள் சத்தம் கனத்துத் திரும்பியது, வெளியே சிதறிப் போனது. கொழும்பிலிருந்து வந்த மனைவியும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தாள். பிறகு கணவனையும் இழுத்து வந்து தட்டச் சொன்னாள். காவலுக்கு நின்றவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கோட்டையின் வடிவத்தைச் சொல்லத்தான் எனக்குத் திணறியது. தாளில் கீறினால் ஒரு நொடி வேலை. கடைசியில் முகம் துடைக்கும் என் லேஞ்சியை எடுத்து அவள் உள்ளங்கையில் விரித்தேன். அதன் நான்கு மூலைகளையும் கிள்ளி வெளியே இழுத்தேன்.

“நடுவுல சதுரம். நாலு மூலையிலயும் இப்பிடிக் கூரா வெளிய தள்ளி நிக்கும். அதத்தான் கொத்தளம் எண்டுற.”

அவள் ஒவ்வொரு கூராகத் தொட்டாள். “ஏன் கூர் வெச்ச?”

“சுவரோட ஒட்டி வாற எதிரியப் பக்கத்தால சுடலாம்.”

“அப்ப எங்கயும் ஒளிக்க ஏலாது.”

“ஏலா.”

“பொல்லாத மூளை,” என்றாள். வாவிப் பக்கக் கொத்தளத்தில் இருந்த பீரங்கியின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி காய்ந்த புல்லோடு வெளியே எடுத்தாள். “குருவி குடியிருக்கு அக்கா!” எல்லாரும் சிரித்தோம். எனக்கு அன்று கோட்டை புதிதாகத் தெரிந்தது. இத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் அதை இவ்வளவு நெருங்கிக் காட்டியதில்லை.

அடுத்தது தேவாலயம். பழையவை, புதியவை என்று, கோட்டை இருக்கும் பழைய நகரமான புளியந்தீவைச் சுற்றித் தேவாலயங்களுக்குக் குறைவில்லை. அதில் எட்டுப் பக்கம் வைத்துக் கட்டிய ஒன்றை நான் விடாமல் காட்டுவேன். இந்தக் காலத்து வேலைதான், ஆனால் அந்த வடிவத்தில் ஒரு துணிச்சல் உண்டு.

“எட்டுப் பக்கமெண்டா வட்டம் மாதிரியா?” என்று கேட்டாள்.

“இல்ல. சுத்தி வாங்க, தெரியும்.”

சுவரைத் தொட்டபடி புறப்பட்டாள். இரண்டு மூலை தாண்டியதும் குழம்பிப்போனாள். எங்கே தொடங்கினாள் என்று தெரியவில்லை. நானா ஓடிப்போய்த் தொடங்கிய மூலையில் நின்றுகொண்டார். “மகள், திரும்ப முதல்ல இருந்து வாங்க. நான் இஞ்ச அசையாம நிப்பன். உங்கட பிரம்பு என்ட கால் சப்பாத்தில முட்டினா ஒரு சுத்து முடிஞ்ச எண்டு அர்த்தம்.”

அவள் ஒவ்வொரு மூலையிலும் நின்று, இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு கையை வைத்துப் பார்த்து, சத்தமாக எண்ணிக்கொண்டே கண்ணுக்கு மறைந்தாள். மறுபக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. பிறகு அவளும் வந்தாள். பிரம்பு நானாவின் சப்பாத்தில் டொக்கென்று முட்டியது.

“எட்டு!”

நானா பரீட்சையில் தானே பாஸ் பண்ணியது போலக் கைதட்டினார்.

எல்லாம் இப்படியே நன்றாகப் போயிருந்தால் அந்தக் காலையோடு கதை முடிந்திருக்கும். கோட்டைமுனைப் பாலத்தில்தான் நான் தோற்றேன். பாலத்தின் நடுவில் நின்று, “இதோட புளியந்தீவு முடியுது,” என்று சாதாரணமாகச் சொன்னேன்.

“முடியுது எண்டா?”

“தீவுதானே. சுத்தித் தண்ணி.”

அவள் நின்றுவிட்டாள். “உண்மையாவே தீவா? பேர்தான் அப்பிடி எண்டு நினைச்சன்.”

ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அந்தப் பக்கமாக வேலைக்குப் போகிறவள். பாலம் ஏறி இறங்குவது உடம்புக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பாலமும் அவளுக்குத் தனித்தனிப் பாலம். எல்லாம் ஒரே வாவியின் மேல், ஒரே துண்டு நிலத்துக்குப் போகின்றன என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் அவள் உள்ளங்கையில் விரலால் கீறினேன். கரை இப்படி வளையும், கோட்டை இந்த மூலை, பாலம் இங்கே. லொறி ஒன்று பெரிய சத்தத்தோடு போனது. அவள் தலையாட்டினாள். விளங்காமல் மரியாதைக்கு ஆட்டுகிற தலையை எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் என் மேசைக்கு முன்னால் இருந்து அப்படித்தான் ஆட்டுவார்கள்.

படம் கீறிப் பிழைக்கிறவள் நான். ஒருத்திக்கு அவளுடைய சொந்த ஊரைக் கீறிக் காட்ட முடியவில்லை என்பது என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை வேலைத்தளமானது. ஒரு பிளைவூட் பலகை எடுத்தேன். நிலம் இருக்கும் இடமெல்லாம் பசை பூசி மேலே மணல் தூவினேன். வாவியை வழவழப்பாக விட்டேன். கோட்டையைத் தும்புக் கயிற்றால் வளைத்து ஒட்டினேன். தேவாலயத்துக்கு எட்டுப் பக்கம் வைத்து ஒரு சிறு மரக்கட்டையை நானா தச்சனிடம் வெட்டி வாங்கி வந்தார். பாலங்களுக்கு ஐஸ்கிறீம் குச்சிகள். தெருக்களுக்கு நூல், கடைகளுக்குப் பொத்தான், மரங்களுக்குப் பஞ்சு என்று கைக்கு வந்ததையெல்லாம் ஒட்டினேன். முடிந்ததும் எனக்கே அதன் மேல் ஆசையாக இருந்தது. பஸ் ஏறி அமிர்தகழிக்குக் கொண்டுபோனேன்.

அவள் இரண்டு கையையும் பலகையில் வைத்து நெடுநேரம் தேடினாள். “அக்கா, கோவிக்காதீங்க. ஒரே கசகசண்டு இருக்கு. எது றோட்டு, எது கரை எண்டு பிடிபடுதில்ல.”

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் திரும்பி வரும் வழியிலேயே விளங்கிவிட்டது. நான் கண்ணுக்கு அழகாகச் செய்திருந்தேன், கைக்குச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து பொத்தான்களையும் பஞ்சையும் பிய்த்தெறிந்தேன். நூலில் பாதியைக் கழற்றினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்ப்பதும், எழும்பித் திருத்துவதும், மறுபடி கண்ணை மூடுவதுமாக இருந்தேன். எத்தனையோ வீடுகளுக்குப் படம் கீறியிருக்கிறேன். ஒரு படத்தோடு இப்படி மல்லுக்கட்டியதில்லை.

இரண்டாம் முறை கொண்டுபோனபோது பலகையை அவள் மடியில் வைத்தேன். அவளுடைய சுட்டுவிரல் வழவழப்பிலிருந்து மணலுக்கு ஏறும் விளிம்பைக் கண்டுபிடித்தது. அந்த விளிம்போடு மெல்லப் போனது. ஒரு பாலத்தைத் தாண்டியது, கயிற்றுக் கோட்டையடியால் வளைந்தது, இன்னும் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

“ஐயோ, எவ்வளவு சின்னன்!” என்றாள். உடனே குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள். “அம்மா! இஞ்ச ஓடி வாங்க! புளியந்தீவு!”

தாய் கை நிறையப் பிட்டு மாவோடு ஓடி வந்தார். மகள் அவருடைய கையைப் பிடிக்கப் போக, “கையில மா, மா!” என்று விலகினார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். “எல்லாம் சரி. நம்மட வீடு எங்க?” என்று கேட்டார்.

அமிர்தகழி பலகைக்குள் அடங்கவில்லை. மகள் பலகையின் விளிம்பைத் தாண்டி, தான் இருந்த கதிரையின் கைப்பிடியில் விரலை வைத்தாள். “இஞ்ச வரும். சரிதானே அக்கா?”

திசை சரியாகத்தான் இருந்தது. அன்று அந்த வீட்டில் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஏதோ பெரிய கட்டடம் கட்டி முடித்து ஒப்படைத்தவள் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நடைக்கு அவள் தனியாக வரவில்லை. பார்வையில்லாத நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். கோட்டை வாசலில் நான் வாயைத் திறக்க முன்னர் அவளே தொடங்கிவிட்டாள். “எல்லாரும் வலக்கையச் சுவரில வைங்க. ஓட்டை ஓட்டையா இருக்கிற கல் கடலுக்குள்ள இருந்து வந்த. இப்ப சுவர விடாம உள்ளுக்கு நடங்க. முடியும் எண்டு நினைப்பீங்க, முடியாது.” நானும் நானாவும் பின்னால் ஒதுங்கி நின்றோம். அவள் என்னுடைய சொற்களில் பாதியையும் தன்னுடையதில் பாதியையும் கலந்து சொன்னாள். லேஞ்சி கூடக் கொண்டுவந்திருந்தாள்.

அந்த மூவரில் ஒருவர் கிரான் ஊரைச் சேர்ந்தவர். வேளாண்மைக் குடும்பம். இளவயதில் நோய் வந்து பார்வை போனவர். அதற்கு முன் பார்த்த மட்டக்களப்பு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோட்டையில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. “அது அப்பயும் இருந்த, இப்பயும் இருக்கு. நான் பாக்காததக் காட்டுங்க மிஸ். புதுசா என்ன வந்திருக்கு?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

என் நடையில் புதிய கட்டடங்களுக்குக் கொஞ்ச இடம்தான் இருந்தது. அன்று அதை நீட்டினேன். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பொருத்திய ஒரு கடைத் தொகுதிக்குக் கூட்டிப்போனேன். அவர் தட்டிப் பார்த்தார். கையை உயர்த்தினார், எட்டிய மட்டும் கண்ணாடி.

“மேல வரைக்கும் இதுதானா?”

“மூண்டு மாடிக்கும்.”

“இத ஆர் கழுவுற?”

கண்ணாடிச் சுவரைப் பற்றி இத்தனை நாளில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான். உள்ளே இருந்த காவலாளி கதவைத் திறந்து, “கயித்தில தொங்கித்தான் அண்ணே கழுவுவாங்க,” என்று சொல்ல, அவர் வியந்து தலையை ஆட்டினார். புதிய நூலகத்தின் படிகளில் ஏறி, மாடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பழைய பஸ் நிலையம் மாறிவிட்டதா, வாவிக்கரையில் நடக்க இடம் போட்டிருப்பது உண்மையா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ‘ஓம்’ சொல்லச் சொல்ல, என் ஊர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. சூறாவளி, சண்டை, கடல் பெருக்கு, வெள்ளம் என்றுதான் எங்களை வெளியூர் அறியும். அவற்றுக்கெல்லாம் பிறகு இங்கே சீமெந்தும் கம்பியும் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். படம் கீறியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு ஓட்டோ பிடித்துக் கல்லடிக்குப் போனோம். பழைய இரும்புப் பாலத்தில் நின்றபோது கிரான்காரர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இதில ஒரு பக்கம் வர மற்றப் பக்கம் நிண்டுதானே போற. எங்கட அப்பாவோட வரேக்க எவ்வளவு நேரம் காத்து நிண்டிருக்கம்.”

“இப்ப பக்கத்தில புதுப் பாலம் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில போகும்,” என்றேன்.

அவர் காதைக் கொடுத்தார். புதிய பாலத்தில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் லொறியும் இரண்டு திசையிலும் போய்க்கொண்டிருந்தன. எங்கேயும் ஒன்றும் நிற்கவில்லை. நெடுநேரம் அதைக் கேட்டபடி நின்றார். “நல்லா வந்திட்டு நம்மட ஊர்,” என்றார் மெதுவாக. நான் வாவிக் காற்றில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அங்கேயே முடிப்பதாகத்தான் திட்டம். நானா விடவில்லை. “இவ்வளவு தூரம் வந்து எங்கட ஊருக்கு வராமப் போறதா? பகல் சாப்பாடு என்ட வீட்டில. அதுக்கு முன்ன ஒண்டு காட்டோணும்,” என்று ஓட்டோக்களைக் காத்தான்குடிக்கு விடச் சொன்னார்.

பிரதான வீதியில் இறங்கியதும் கிரான்காரரின் கையைப் பிடித்து, வாகனங்களை மறித்து, வீதியின் நடுவுக்குக் கொண்டுபோனார். மற்றவர்களை நான் கூட்டிப்போனேன். அங்கே வரிசையாக நிற்கும் மரங்களில் ஒன்றில் அவருடைய கையை வைத்தார்.

“சொல்லுங்க பாப்பம், என்ன மரம்?”

அவர் தடவினார். செதில் செதிலான அடிமரம். “தென்னை இல்ல. பனையும் இல்ல…”

“பேரீச்சை!”

“றோட்டுக்கு நடுவுலயா? பொய் சொல்லாதீங்க நானா!”

அவர் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தார். அவளும் வந்து பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபக்கத்தால் பிடித்தாள். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். நானா அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, பெருமை வழியும் குரலில் சொன்னார்: “காலம் வந்தா காய்க்கும். கைய இன்னும் ஒள்ளுப்பம் மேல தூக்குங்க, ஓலை படும்.”